மணமகள் அறையில் இருந்த நாட்கள்

கொரோனாவின் இரண்டாவது அலை வந்தபோது எங்கள் மருத்துவமனை எங்களை ஒரு கல்யாண மண்டபத்தில் தங்க வைத்தது. காட்டுப்பாக்கத்தில், பூந்தமல்லிக்குப் போகும் பெரிய சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் மூன்றாவது கட்டடம். கல்யாணங்கள் எல்லாம் தள்ளிப் போய்க்கொண்டிருந்ததால் மண்டபம் காலியாக இருந்தது. வார்டில் ஏழு நாள் வேலை. அது முடிந்ததும் மண்டபத்திலேயே ஏழு நாள் தனிமை. பிறகு பரிசோதனை. அதில் ஒன்றுமில்லை என்று வந்தால் மூன்று நாள் வீட்டுக்குப் போகலாம். அப்புறம் மறுபடியும் முதலிலிருந்து.

நான் அங்கே ஸ்டாஃப் நர்ஸ். சொந்த ஊர் ராஜபாளையம் பக்கம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கள்ளிக்குப்பத்தில் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறோம். கணவருக்கு ஐடி வேலை. அந்த நாட்களில் அவர் சாப்பாட்டு மேசையிலேயே லேப்டாப்பை வைத்து வேலை பார்த்துக்கொண்டு, ஆறு வயது மகளையும் பார்த்துக்கொண்டார். கள்ளிக்குப்பத்திலிருந்து காட்டுப்பாக்கத்துக்கு ஸ்கூட்டரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் நான் ஏதோ வெளிநாட்டுக்குப் போய்விட்ட மாதிரிதான் என் மகள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மண்டபத்தில் தனியாக அறை என்று சொன்னால் இரண்டுதான். மணமகன் அறை டாக்டர்களுக்குப் போனது. மணமகள் அறைக்கு, யாரும் குறை சொல்லக் கூடாது என்று, எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் சீட்டுக் குலுக்கிப் போட்டார். ஒரு சீட்டு எனக்கு வந்தது. இன்னொன்று எங்கள் வார்டில் துப்புரவும் சாப்பாடும் பார்த்துக்கொள்ளும் உதவியாளர் அக்காவுக்கு. மற்ற பெண்கள் மாடி ஹாலில் வரிசையாகக் கட்டில் போட்டுப் படுத்துக்கொண்டார்கள்.

அக்கா என்று நான் கூப்பிட்டாலும் என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவர். திருமுல்லைவாயிலில் தலைமுறையாக இருக்கிற குடும்பம். ஒரு காலத்தில் நிலம் வைத்துப் பயிர் செய்தவர்கள். இப்போது அந்த நிலத்தில் மற்றவர்களின் வீடுகள் நிற்கின்றன. அவர் கணவர் லோடு ஆட்டோ ஓட்டினார். மருத்துவமனையில் ஆறு வருடம் ஒரே வார்டில் வேலை பார்த்திருந்தும் நானும் அவரும் ஒரு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டது கிடையாது. நர்ஸ்கள் ஒரு பக்கம், அவர்கள் ஒரு பக்கம். யாரும் விதி போடவில்லை. அப்படியே நடந்துகொண்டிருந்தது.

முதல் நாள் அந்த அறைக்குள் நுழைந்ததும் நாங்கள் இரண்டு பேரும் பார்த்தது கண்ணாடியைத்தான். சுவர் அளவுக்குப் பெரிய கண்ணாடி, சுற்றிலும் பல்புகள். அதன் இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஸ்டிக்கர் பொட்டுகள். அரக்கு, பச்சை, கல் வைத்தது, பாம்பு மாதிரி வளைந்தது. அலங்காரம் மாற்றும்போது ஒவ்வொரு கல்யாணப் பெண்ணும் எடுத்து ஒட்டிவிட்டுப் போனவை. அக்கா கிட்டே போய் எண்ண ஆரம்பித்தார். நாற்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டார்.

"இத்தினி பொண்ணுங்க இங்க குந்தி அழுதுகீறாளுங்க சிஸ்டர். நாமளும் அழுதுட்டு போலாம், வா" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மாதத்தில் நான் சிரித்த முதல் சிரிப்பு அது என்று நினைக்கிறேன்.

மூன்று நாள் வரைக்கும் நான் அவருக்கு சிஸ்டர். நான்காவது நாள் காலையில் குளியலறைக் கதவைத் தட்டி, "இன்னாமே, உள்ளயே தூங்கிட்டியா? வண்டி வந்துகினு கீது" என்றார். அன்றிலிருந்து 'மே' தான். இன்று வரைக்கும் அதுதான்.

அந்த நாட்களை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. என் கணவர்கூட ஒரு முறை முகத்தைச் சுளித்தார். எத்தனை பேர் இறந்தார்கள், அதில் ஏங்குவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டார். ஆனால் காலை ஆறரைக்கு வேன் வரும். பன்னிரண்டு பேர் ஏறுவோம். பூந்தமல்லி சாலையில் ஒரு பஸ் இல்லை, ஒரு லாரி இல்லை, சிக்னல்கள் மட்டும் யாருக்காகவோ மாறிக்கொண்டிருக்கும். மூடிக் கிடந்த கடைகளின் ஷட்டர்கள்மேல் வெயில் அடிக்கும். ஏழெட்டு வருடமாக அந்த வழியில் போய்வந்திருக்கிறேன். சாலையோரம் அத்தனை தூங்குமூஞ்சி மரங்கள் இருப்பதை அப்போதுதான் பார்த்தேன். வேனில் யாராவது ஒருவர் பழைய பாட்டை முணுமுணுப்பார். மாஸ்க்குக்குள்ளேயே மற்றவர்களும் சேர்ந்துகொள்வோம்.

மகளுடைய ஏழாவது பிறந்த நாள் என் தனிமை வாரத்தில் வந்தது. மாலை ஆறு மணிக்குக் கணவர் அவளை ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு வந்து வாசல் கேட்டுக்கு வெளியே நின்றார். உள்ளே வரக் கூடாது. மண்டபத்தின் வாட்ச்மேனிடம் அக்கா முன்னாலேயே பேசி வைத்திருந்தார் போல. மகள் வந்து இறங்கியதும் கட்டடத்தின் முகப்பு முழுக்கச் சீரியல் விளக்குகள் எரிந்தன. கல்யாணத்துக்குப் போடுகிற அதே விளக்குகள். நர்ஸ்களும் அட்டெண்டர்களும் டாக்டர்கள் இரண்டு பேரும் படிக்கட்டில் வரிசையாக நின்று கைதட்டிப் பாடினார்கள்.

மகள் விளக்குகளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அம்மா, உனக்கு மறுபடியும் கல்யாணமா?" என்று தெருவிலிருந்து கத்தினாள்.

அக்கா சிரித்துச் சிரித்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கணவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே நின்றிருந்தார். என் முகத்தில் எதையோ பார்த்துவிட்டார் என்று அப்போதே எனக்குத் தெரியும்.

வெளியே இப்படியெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தேனே தவிர, உள்ளே நான் சரியாக இல்லை. என்னிடம் சொந்தமாக ஒரு ஆக்சிமீட்டர் இருந்தது. விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டுகிற சின்னக் கருவி. முதலில் காலை ஒரு தரம், மாலை ஒரு தரம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மணிக்கு ஒரு முறை ஆனது. அப்புறம் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிடத்துக்கு ஒரு தரம். தொண்ணூற்றெட்டு என்று காட்டும். அந்த எண்ணைப் பார்த்ததும் மூச்சு இறங்கும். இரண்டு நிமிடத்தில் மறுபடியும் நெஞ்சு அடைக்கும். எனக்கு ஒன்றுமில்லை என்பது நர்ஸான எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்து என்ன பயன்? கை தானாகத் தலையணைக்கு அடியில் போகும்.

அக்கா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். அவருக்குப் பயமே கிடையாது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வார்டில் யாரும் கிட்டே போகத் தயங்கும் நோயாளியிடம் முதலில் போய் நிற்பவர் அவர்தான்.

அந்தப் பயம் எப்போது பெரிதானது என்று எனக்குத் தெளிவாகத் தெரியும்.

நோயாளிகளைப் பார்க்க வீட்டார் வர முடியாது. அதனால் தினமும் மதியம் பன்னிரண்டு மணிக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் நாங்களே ஃபோன் செய்து நிலைமையைச் சொல்ல வேண்டும். வார்டுக்கும் ஃபோன் இருக்கும் அறைக்கும் நடுவில் பெரிய கண்ணாடித் தடுப்பு. உள்ளே பிபிஇ கவச உடையில் இருக்கும் நர்ஸ் ஒரு பெரிய தாளில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிவிடுவார். எந்தப் படுக்கை, ஆக்சிஜன் எவ்வளவு, காய்ச்சல் உண்டா, தூங்கினாரா, சாப்பிட்டாரா. வெளியே உட்கார்ந்திருப்பவர் அதைப் பார்த்து ஃபோனில் சொல்வார். அந்தச் சுற்றில் மதிய ஃபோன் வேலை எனக்கு; சில நாள் அது முடிந்ததும் உள்ளேயும் போவேன்.

பதினான்காம் படுக்கையில் ஒரு பெரியவர் இருந்தார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பது வருடத்துக்கு மேல் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீடு ஆவடியில். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் இருந்தாலும் காது மட்டும் இன்னும் தொழிற்சாலையிலேயே இருந்தது. ஒருநாள் என்னை விரலால் கூப்பிட்டு மாஸ்க்கை லேசாக விலக்கினார்.

"சிஸ்டர், அந்த ஃபேன்ல பேரிங் போய்டுச்சு. சத்தத்துலயே தெர்து பாரு. ஆள வர சொல்லு."

"இப்ப வெளியாள் யாரும் உள்ள வரமாட்டாங்கய்யா. நீங்க மாஸ்க்க போடுங்க."

"அப்ப நான் எய்ந்து போய் பாக்கட்டுமா? ஒரு ஸ்பேனர் கெட்ச்சா போதும்."

அவர் மகளிடம் நான் தினமும் பேசினேன். இருபத்தைந்து வயதிருக்கும், குரலை வைத்துச் சொல்கிறேன். ஃபேன் விஷயத்தைச் சொன்னபோது அந்தப் பெண் அழுதுகொண்டே சிரித்தது. வீட்டில் மிக்ஸியைக்கூட அவர் அப்படித்தான் பாடாய்ப் படுத்துவார் என்றது. ஐந்து நாள் பேசியிருப்பேன்.

ஆறாம் நாள் காலையிலிருந்தே உள்ளே மூன்று பேருக்கு மோசமானது. உள்ளே இருந்த நர்ஸ் ஓடிக்கொண்டே தாளை எழுதியிருந்தார். பதினான்காம் எண்ணுக்கு நேராக ஆக்சிஜன் அளவு மட்டும் இருந்தது. மற்ற கட்டங்கள் காலி. நான் கண்ணாடியைத் தட்டினேன். யாரும் திரும்பவில்லை. இன்னும் பதினெட்டு வீட்டுக்கு ஃபோன் போட வேண்டியிருந்தது. எண்ணை அழுத்திவிட்டேன்.

ஆக்சிஜன் அளவைச் சொன்னேன். கொஞ்சம் குறைந்திருக்கிறது, டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றேன். அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்பா சாப்பிட்டாரா சிஸ்டர்?" என்றது.

"சாப்பிட்டாரும்மா. நல்லா சாப்பிட்டாரு."

"அப்பாடா" என்று மூச்சு விட்டது. நான் ஃபோனை வைத்துவிட்டு அடுத்த எண்ணை அழுத்தினேன்.

அன்று நான்கு மணிக்கு அவர் போய்விட்டார். வீட்டாரிடம் டாக்டர்தான் சொன்னார். விதிப்படி உடல் நேராகச் சுடுகாட்டுக்குப் போனது. உள்ளே இருந்த நர்ஸிடம் பிறகு கேட்டேன். பதினான்கு காலையில் ஏதாவது சாப்பிட்டாரா? அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. களைப்பு மட்டும்தான். "ஞாபகம் இல்லப்பா" என்றார்.

அதற்குப் பிறகு ஃபோன் மணி அடித்தாலே என் உள்ளங்கை வியர்த்தது. ரிசீவரை எடுக்கும்முன் கையைச் சேலையில் துடைப்பது போல கவுனில் துடைத்துக்கொள்வேன். வேனில் ஏறினால் பூந்தமல்லி தாண்டும்போது நெஞ்சு படபடக்கும். கணவரிடம் வீடியோவில் பேசும்போது ஆக்சிமீட்டர் மாட்டிய கையைத் திரைக்கு வெளியே வைத்துக்கொள்வேன். ஒரு வார்த்தை. யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கப் போவதும் இல்லை. ஆனால் குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் என் குரலே என் காதில் கேட்டது. நல்லா சாப்பிட்டாரு.

இரண்டு வாரத்துக்கு மேல் கழிந்திருக்கும். அடுத்த வேலைச் சுற்று. ஃபோன் மேசையில் நானும் இன்னொரு நர்ஸும் இருந்தோம். அக்கா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மணி அடித்தது. பக்கத்து நர்ஸ் எடுத்துக் கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினார்.

"உன்னத்தான் கேக்குறாங்க. பதினாலாம் பெட் பெரியவரோட பொண்ணாம். தினமும் பேசுற சிஸ்டர் வேணும்னு சொல்றாங்க."

எனக்குக் கை எழவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன், வேண்டாம் வேண்டாம் என்று. அக்கா என்னையும் ஃபோனையும் ஒரு பார்வை பார்த்தார். மாப்புக் கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தார்.

"ஆங், நான்தாம்மா பேசறேன். சொல்லு... ம்... ம்... சரிம்மா, தேடிப் பாக்கறேன். கெட்ச்சா நானே கொண்டாந்து தரேன். அம்மா எப்டி கீறாங்க?... அய்யே, அழக்கூடாது."

வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அதுக்கு அவங்க அப்பா மூக்குக் கண்ணாடி வோணுமாம். வேற ஒண்ணுமில்ல. நீ இன்னாத்துக்கு இப்டி நடுங்குற?"

அன்று மதியம் நானும் அவரும் ஸ்டோர் ரூமுக்குப் போனோம். இறந்தவர்களின் பொருட்கள் மருந்து தெளித்து, பிளாஸ்டிக் கவரில் கட்டி, படுக்கை எண் எழுதி அங்கே அடுக்கப்பட்டிருந்தன. செல்ஃபோன்கள், சார்ஜர்கள், ஒரு ஜோடி செருப்பு, ஜெபமாலை, டிபன் பாக்ஸ். பதினான்கு என்று எழுதிய கவரில் ஒரு துண்டும் ஒரு கண்ணாடியும் இருந்தன. கண்ணாடியின் ஒரு காது உடைந்து, மெல்லிய செம்புக் கம்பியால் கட்டப்பட்டிருந்தது. சுற்றுக்குச் சுற்று இடைவெளியே இல்லாமல், மிஷினில் சுற்றின மாதிரி.

மண்டபத்துக்கு வந்ததும் அக்காவிடம் சொன்னேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, தாளில் கட்டம் காலியாக இருந்ததிலிருந்து ஒன்று விடாமல் சொன்னேன். அவர் பரவாயில்லை என்று சொல்வார், உன் மேல் தப்பில்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்.

"பொய்தான் சொல்லிகீற."

"ஆமா."

"அத்தினி பேருக்கு ஃபோன் போட்ட. ஒண்ணு ரெண்டு அப்டி வந்துடும்தான். ஆனா பொய் பொய்தான்மே." துண்டை உதறிக் கொடியில் போட்டார். "கண்ணாடிய நாம்பளே போய் குடுக்கலாம். சொல்றதா, வோணாமான்றத அந்தப் பொண்ணு மூஞ்சிய பாத்து நீ முடிவு பண்ணிக்கோ."

பரிசோதனை முடிவு வந்து வீட்டுக்கு விட்ட அன்று காலை பத்து மணிக்கு என் ஸ்கூட்டரில் கிளம்பினோம். அவருக்குப் போக வேண்டியது திருமுல்லைவாயில், எனக்குக் கள்ளிக்குப்பம், இரண்டுக்கும் முன்னால் ஆவடி. பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் சாலையில் இரண்டு இடத்தில் போலீஸ் நிறுத்தினார்கள். மருத்துவமனை அடையாள அட்டையைக் காட்டியதும் விட்டுவிட்டார்கள். ஒரு போலீஸ்காரர் சல்யூட்கூட அடித்தார். அக்கா பின்னாலிருந்து, "நமக்குத்தான்மே" என்று என் முதுகில் தட்டினார். எனக்கு அழுகை வந்தது. வண்டியை ஓட்டிக்கொண்டே அழுதேன்.

வீடு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், ஒரு குறுகலான தெருவில். கேட்டை ஒட்டி வெளியே மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள். கதவுக்கு உள்ளே, நிலைக்குப் பக்கத்தில், அந்தப் பெண்ணின் அம்மா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் தொற்று வந்து அப்போதுதான் சரியாகியிருந்தது. மகள் வந்து கவரை வாங்கியது. கண்ணாடியை எடுத்துப் பார்த்துத் துப்பட்டாவில் துடைத்து அம்மாவிடம் கொடுத்தது. அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு அந்தச் செம்புக் கம்பியை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

அந்தப் பெண் அக்காவைப் பார்த்து, "கடைசியா ஃபோன்ல பேசினது நீங்கதானே? குரல் வேற மாதிரி இருக்கேன்னு நெனச்சேன்" என்றது. பிறகு என் பக்கம் திரும்பியது. "தினம் பேசினது நீங்க."

"ஆமாம்மா."

"ஒண்ணு கேக்கணும் சிஸ்டர். அன்னிக்கு அப்பா என்ன சாப்பிட்டாரு? இட்லியா? அவருக்கு இட்லியே பிடிக்காது. அதான் கேக்குறேன்."

இட்லி என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அந்த வாரம் முழுக்கக் காலையில் இட்லிதான் கொடுத்தார்கள். பொய் என்றுகூடச் சொல்ல முடியாது. நான் அக்காவைப் பார்த்தேன். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன். "அன்னிக்கு நான் வெளியில இருந்தேன். சாப்பிட்டாரான்னு தாள்ல எழுதல. நீங்க கேட்டதும் சாப்பிட்டாருன்னு சொல்லிட்டேன். நான் பாக்கல."

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. "அப்ப சாப்பிடலையா?"

"அதுவும் தெரியாது. பிறகு கேட்டேன், யாருக்கும் ஞாபகம் இல்ல. என்ன மன்னிச்சிடுங்க."

அந்தப் பெண் எழுந்து உள்ளே போய்விட்டது. எங்கோ பின்னால் ஒரு பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அக்கா என் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தார். அப்போது உள்ளேயிருந்து அந்த அம்மா பேசினார்.

"ரெண்டு நாளா பச்சத் தண்ணி கூட எறங்காம கெடந்தேன். அப்பா சாப்ட்டாராம், நீயும் சாப்டுன்னு இது வந்து சொல்லிச்சு. அப்பாலதான் ஒரு வாய் ரசம் சோறு துன்னேன். அன்னிக்கு அதுவும் துன்னலைன்னா நானும் போயிருப்பேன்." கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தார். "இன்னா சொல்றதுன்னு தெர்லம்மா. நல்லதுன்றதா, கெட்டதுன்றதா?"

மகள் இரண்டு டம்ளர் மோரோடு வந்தது. கண் சிவந்திருந்தது. அந்தக் காலத்தில் கொரோனா வார்டு ஆட்களுக்கு யாரும் வீட்டு டம்ளரில் எதுவும் தர மாட்டார்கள். எங்கள் குடியிருப்பில் லிஃப்டில் நான் ஏறினால் மற்றவர்கள் இறங்கிவிடுவார்கள். டம்ளரை நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னது.

"அடுத்த தடவ யாராவது கேட்டா, தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க சிஸ்டர்."

"சொல்றேம்மா."

மோரைக் குடித்துவிட்டுக் கிளம்பினோம். திருமுல்லைவாயிலில் அக்காவை இறக்கிவிட்டபோது, உள்ளே வந்து போகச் சொன்னார். இல்லை, மகள் காத்திருப்பாள் என்றேன். "போய் தூங்குமே" என்றார். அன்று மதியம் வீட்டில் நான் மூன்று மணி நேரம் தூங்கினேன். மகள் என் மேல் காலைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தாளாம். எனக்கு எதுவும் தெரியாது.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. ஆக்சிமீட்டர் தலையணைக்கு அடியிலேயேதான் இருந்தது. ஆனால் ஃபோன் எடுக்க முடிந்தது. தாளில் கட்டம் காலியாக இருந்தால், "எனக்குத் தெரியலங்க, பார்த்துட்டுப் பத்து நிமிஷத்துல கூப்பிடுறேன்" என்று சொல்லத் தொடங்கினேன். முதல் நாள் அதைச் சொல்ல அவ்வளவு பயமாக இருந்தது. கேட்டவர், "சரி சிஸ்டர், மெதுவா பாருங்க" என்றார். அவ்வளவுதான். கூடவே வேலை பார்த்த மற்ற நர்ஸ்களும் அப்படியே சொல்ல ஆரம்பித்தார்கள். கண்ணாடித் தடுப்பைத் தட்டுவதற்குப் பதில் ஒரு மணியை வாங்கி மாட்டினோம்.

அடுத்த மாதம் இன்சார்ஜ் சிஸ்டரிடம் போய் நெஞ்சு படபடப்பைச் சொன்னேன். இருபத்தெட்டு வருட அனுபவம் உள்ளவர். வார்டில் அவர் குரல் கேட்டால் டாக்டர்களே நிமிர்ந்து நிற்பார்கள். சொன்னால் வேலையை விட்டு எடுத்துவிடுவாரோ என்று பயந்துகொண்டுதான் போனேன். அவர் தன் கைப்பையைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். பாதி மாத்திரைகள் தீர்ந்திருந்தன.

"முதல் அலையிலேர்ந்து சாப்பிடறேன். வீட்லகூட தெரியாது" என்றார். மனநல டாக்டரின் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். நான் எட்டு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். கணவரிடம் சொன்னபோது அவர், "பாப்பா பிறந்த நாளன்னிக்கு நீ படிக்கட்டுல நின்னு சிரிச்சப்பவே உன் முகத்தைப் பாத்து எனக்குத் தெரிஞ்சிடுச்சு. எப்படிக் கேக்கறதுன்னு தெரியல" என்றார். டாக்டரைப் பார்க்க ஒவ்வொரு முறையும் அவரே கூட வந்தார். ஒரு நாள் ஆக்சிமீட்டரில் பேட்டரி தீர்ந்துபோனது. புதுசு போடவில்லை.

மண்டபத்தைக் காலி செய்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. எல்லோரும் மூட்டையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றோம். ஒருவரும் சந்தோஷமாக இல்லை. எப்போது முடியும் என்று நாள் எண்ணியவர்கள்தான். உள்ளே திரும்பிப் போய் எதையோ மறந்துவிட்டேன் என்று தேடினார் ஒரு நர்ஸ். எதையும் மறக்கவில்லை, சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு மருத்துவமனையில் மறுபடியும் நர்ஸ்கள் ஒரு மேசையில், அட்டெண்டர்கள் ஒரு மேசையில். நானும் அக்காவும் மட்டும் எந்த மேசையில் வேண்டுமானாலும் உட்கார்ந்தோம்.

எங்கள் இருவரில் கடைசியில் உடைந்துபோனவர் அவர்தான். அது ஒரு வருடத்துக்குப் பிறகு. எல்லாம் பழையபடி ஆகி, எங்கள் வார்டில் குடல்வால் ஆபரேஷன், மூட்டு ஆபரேஷன் நோயாளிகள் படுத்திருந்த நேரம். சொந்தக்காரர்கள் ஆப்பிள் பையோடு வந்து போனார்கள். ஒருநாள் காலை பத்து மணிக்கு அக்கா வார்டு நடுவில் வாளியோடு நின்றுகொண்டிருந்தார். நகரவில்லை. கூப்பிட்டேன், திரும்பவில்லை. கிட்டே போய்த் தோளைத் தொட்டேன். அவர் கண்களிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை.

"என்னக்கா?"

"எந்த பெட்ட பாத்தாலும் அப்ப இருந்தவங்கதான்மே தெரியறாங்க. இவங்க மூஞ்சியே தெரியல."

"அப்பல்லாம் நீங்க பயப்படவே இல்லியேக்கா."

"அப்ப ஏதுமே டைமு? இப்பதான் கெட்ச்சிகீது."

அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் ஃபோன் அறையில் உட்கார வைத்தேன். என்னைப் பார்த்த அதே டாக்டரிடம் நானே அழைத்துப் போனேன். முதல் முறை உள்ளே போகமாட்டேன் என்று அடம்பிடித்தார். 'எனுக்கு இன்னா பைத்தியமா?' என்றார். நான் என் பழைய மருந்துச் சீட்டைக் காட்டினேன். சீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். ஆறு மாதம் வைத்தியம் நடந்தது. தூக்கம் வந்தது. ஆனால் வார்டுக்குள் மட்டும் அவரால் திரும்ப வர முடியவில்லை. வேலையை விட்டுவிட்டார். இப்போது அம்பத்தூரில் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறார். மருத்துவமனையில் இருந்ததைவிட அங்கே சத்தம் அதிகம், அதுதான் தனக்குப் பிடித்திருக்கிறது என்கிறார். என்னை அந்த வேலை இன்னும் பிடித்துவைத்திருக்கிறது. ஏனென்று எனக்கே தெரியவில்லை.

இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது சந்திக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆவடி மார்க்கெட்டுக்குப் போனோம். அவர் வீட்டில் விசேஷம், காய் வாங்க வேண்டும். கத்தரிக்காய்க் குவியலுக்கு முன்னால் குந்திக்கொண்டு ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திடீரென்று கேட்டார்.

"மறுபடியும் அப்டி ஒண்ணு வந்துச்சுன்னா போவியாமே?"

யோசித்தேன். "போவேன்னுதான் நெனைக்கறேன்க்கா. பயந்துக்கிட்டே போவேன்."

"நான் போ மாட்டேன்பா."

"போகாதீங்க."

"இத்த சொல்றதுக்கே எனுக்கு இத்தினி வருசம் ஆச்சு" என்றார். பிறகு கையிலிருந்த கத்தரிக்காயைக் கடைக்காரர் முன்னால் நீட்டி, "இன்னாபா இது, எல்லாத்துலயும் ஓட்டை கீது? மேல நல்லத அட்க்கி வெச்சிகினு அடியில இத்த வெச்சிகீற?" என்று சண்டையை ஆரம்பித்தார். கடைக்காரரும் விடவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எனக்குப் பசித்தது. சண்டை முடியட்டும் என்று காத்துக்கொண்டு நின்றேன்.